சான்றும் விளக்கமும் (அறிவியல் கல்வி)

அறிவியல் முடிவுகளை மட்டுமன்றி, அவை எந்தச் சான்றுகளால் உருவாயின, எப்படிச் சோதிக்கப்பட்டன, ஏன் மாறின என்பதையும் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிப்பது அறிவியல் கல்வியின் இன்றியமையாத கூறு.

கலைத்திட்டத்தில் இடம்

இங்கிலாந்தின் முதல் தேசிய அறிவியல் கலைத்திட்டம் (1989) 17 கற்றல் இலக்குகளை வகுத்தது. அவற்றில் கடைசியான 'அறிவியலின் இயல்பு' 1991 திருத்தத்தில் தனி இலக்காக நீடிக்கவில்லை. 1999 கலைத்திட்டத்தில் 'கருத்துகளும் சான்றுகளும்' என்ற பகுதியாக அது மீண்டது. 2006 முதல் 14–16 வயதினருக்கு 'அறிவியல் செயல்படும் விதம்' என்ற பெயரில் விரிவான இடம் பெற்றது.

வகுப்பறை எடுத்துக்காட்டு

கண்டங்கள் நகர்கின்றன என்ற கண்டப் பெயர்ச்சிக் கொள்கை இத்தகைய கற்பித்தலுக்குப் பொருத்தமான பாடம். ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர் 1912இல் இதை முன்வைத்தார். தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் கரையோரங்கள் பொருந்துவதையும், மீசோசாரஸ் என்ற ஊர்வனவின் புதைபடிவங்கள் இரு கண்டங்களிலும் கிடைப்பதையும் சான்றாகக் காட்டினார். குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் புதைபடிவங்கள் அக்கண்டங்களில் மட்டுமன்றி இந்தியாவிலும் கிடைக்கின்றன. ஆயினும் புவியியலாளர் பலர் வெகனரின் கொள்கையை ஏற்கவில்லை. கண்டங்களை நகர்த்தப் போதுமான விசை எதையும் வெகனரால் காட்ட முடியவில்லை; உயிரினப் பரவலுக்கு, மூழ்கிப்போன நிலப்பாலங்கள் என்ற மாற்று விளக்கமும் இருந்தது. கடல்தளம் விரிகிறது என்ற புவியியலாளர் ஹாரி ஹெஸ்ஸின் கருத்து 1962இல் வெளிவந்தது. கடலடி மலைத்தொடர்களின் இருபுறமும் உள்ள காந்தப் பட்டைகளுக்கு வைன், மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1963இல் தந்த விளக்கம் அதற்கு வலுச்சேர்த்தது. 1960களின் இறுதிக்குள், கண்டங்களின் நகர்வை விளக்கும் புவித்தட்டுக் கோட்பாடு பரவலாக ஏற்கப்பட்டது.

கற்பிக்கும் முறை

சான்றுகளை அவை கிடைத்த கால வரிசையில் மாணவர்களுக்குத் தர வேண்டும். 1920களில் கிடைத்த தகவல்களை மட்டும் கொண்டு எந்த விளக்கம் வலுவானது என்று விவாதித்த பிறகே, அடுத்த சான்றை அவர்கள் பார்க்க வேண்டும். அப்போது, வெகனரை மறுத்தவர்களிடமும் காரணம் இருந்தது என்பது புரியும்.

இடர்ப்பாடுகள்

ரோசலிண்ட் டிரைவரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, கண்டதை விவரிப்பதையும் அதற்கு விளக்கம் தருவதையும் பிரித்தறிய இளம் மாணவர்கள் பலர் திணறுவதைக் காட்டியது. சான்றுகள் தாமாகவே விளக்கத்தைத் தந்துவிடும் என்ற எண்ணம் ஒரு தடை. 'அறிவியல் மாறும், ஆகவே எதையும் நம்ப வேண்டாம்' என்ற முடிவு அதைவிடப் பெரிய தடை. மாற்றத்துக்குக் காரணம் புதிய சான்றும் மேலான விளக்கமுமே என்பதை ஆசிரியர் வெளிப்படையாக எடுத்துரைக்க வேண்டும்.

மதிப்பீடு

ஆண்டுகளையும் பெயர்களையும் மட்டும் கேட்கும் வினாத்தாள் சான்றை எடைபோடும் திறனை அளக்காது. தரப்பட்ட சான்று ஒரு கூற்றை எந்த அளவுக்குத் தாங்குகிறது என்று எழுதச் சொல்லும் வினாவே அதை அளக்கும்.