மின்கித்தாரின் பிக்கப் – மாற்றுவதற்கு முன் அறிய வேண்டிய வரலாறு



மின்கித்தார் வாசிக்கும் இளைஞர்களிடையே ஒரு பழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. கித்தாரின் ஒலி மனத்துக்கு நிறைவளிக்கவில்லை என்றால், உடனே அதன் பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்த எண்ணுகின்றனர். என் முன்னாள் மாணவர்கள் சிலரும் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே சில நூறு வெள்ளியை இதற்கென ஒதுக்குகின்றனர். கடையில் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை கிலோ ஓம்?" என்பதுதான். எண் பெரிதாக இருந்தால் பிக்கப்பும் சிறந்ததாக இருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, இதில் உண்மை எவ்வளவு என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கம்

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தோன்றும் என்பதை மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்தார். பிக்கப் என்பது அக்கண்டுபிடிப்பின் எளிய பயன்பாடே. ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழை போன்ற மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது; சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது; ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்குகிறது. நைலான் கம்பிக்கு இவ்வகைப் பிக்கப் பயன்படாததற்குக் காரணமும் இதுவே.

1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கித்தார்க் கலைஞர்களுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஊதுகருவிகள் முழங்கும் இசைக்குழுவில் கித்தாரின் ஒலி எவர் செவிக்கும் எட்டவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் 1931-இல் இதற்கு வழி கண்டார். அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து, மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கித்தார் ஒன்றை உருவாக்கினார். அதன் தோற்றத்தைக் கண்டோர் அதற்கு 'வாணலி' என்றே பெயரிட்டனர். 1932-இல் அது விற்பனைக்கு வந்தது. காப்புரிமை 1937-இல்தான் கிடைத்தது. இதற்கிடையே 1936-இல் கிப்சன் நிறுவனம் இ.எஸ். 150 என்னும் கித்தாரை வெளியிட்டது. சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்து அவ்வகைக் கித்தாரை வாசித்தபோது, கித்தார் தனித்து ஒலிக்கும் இசைக்கருவியாகத் தலைநிமிர்ந்தது.

ரீங்காரத்தை வென்றவர்

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு நோய் உண்டு. கம்பியின் அதிர்வை மட்டுமன்றி, சுற்றிலுமுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் அது உள்வாங்கும். அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. நம் நாட்டில் 50. அவ்வெண்ணுக்கேற்ற 'உம்' என்னும் ரீங்காரம் ஒலிபெருக்கியில் ஓயாது கேட்கும்.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் தொழிற்சாலையில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியாளர் இதற்குத் தீர்வு கண்டார். ஒன்றல்ல, இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்தார். இரண்டிலும் காந்தமுனைகள் எதிரெதிர்; மின் இணைப்பும் எதிரெதிர். இரைச்சல் இரு சுருள்களிலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. கம்பியின் ஓசையோ ஒன்றோடொன்று கூடியது. ரீங்காரத்தை முறியடிப்பதால் அதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர் ஏற்பட்டது.

1955 ஜூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. 1957-இல் கித்தார்களில் அது இடம்பெறத் தொடங்கியபோது, அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் சிறு வில்லை ஒட்டப்பட்டது. அவ்வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகளான 'பி.ஏ.எஃப்.' என்பதே பின்னாளில் அப்பிக்கப்பின் பெயராயிற்று. காப்புரிமை 1959 ஜூலையில் கிடைத்தது. அதன்பின் ஒட்டப்பட்ட வில்லையில் அச்சிடப்பட்ட எண் 2,737,842. அதுவோ ஹம்பக்கரின் எண்ணே அன்று. லெஸ் பால் பெற்ற கம்பிதாங்கிக்கான காப்புரிமை எண்!

கைகளின் கணக்கு

நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுதான். பி.ஏ.எஃப். பிக்கப்பில் ஒவ்வொரு சுருளுக்கும் 5,000 சுற்று என்பது திட்டம். ஆனால் சுற்றும் இயந்திரம் உரிய எண்ணிக்கையில் தானே நிற்கும் வசதி அக்காலத்தில் இல்லை. சுருள் நிறைந்ததாகத் தோன்றியதும் பணியாளர் நிறுத்தினார். ஆகவே ஒன்று 7 கிலோ ஓம், மற்றொன்று 9 கிலோ ஓம் என அமைந்தன. காந்தமும் ஒரே வகையன்று. அல்நிகோ 2, 3, 4, 5 என அன்று கையிருப்பில் இருந்தது எதுவோ அதுவே உள்ளே சென்றது. இரு சுருள்களும் சமமாக இல்லாதபோது ரீங்காரம் சிறிதளவு எஞ்சியது. ஆனால் ஓசையில் ஒரு தெளிவும் கூடியது.

கலிபோர்னியாவின் ஃபெண்டர் தொழிற்சாலையிலும் கைகளே ஒலியைத் தீர்மானித்தன. 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருளில் ஏறத்தாழ 8,000 சுற்றுகள். கம்பியின் பருமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். அதனை விரல்களால் வழிநடத்திச் சுற்றிய பெண் பணியாளர்களுள் ஒருவர் அபிகேல் இபாரா. 1956-இல் பணியில் சேர்ந்த இவர், 2013-இல் ஓய்வுபெற்றார். இவர் சுற்றிய பிக்கப்புகளில் இவருடைய பெயரின் முதலெழுத்துகள் காணப்படும். மேடையில் கைத்தட்டல் பெற்றவர்களின் பெயரை உலகம் அறியும். அவ்வொலியைத் தம் விரல்நுனியால் உருவாக்கிய பெண்களுள் பெயர் நிலைத்தவர் மிகச் சிலரே.

1972: மாற்றுப் பிக்கப் பிறந்தது

லெஸ் பால் கித்தாரின் வடிவத்தைக் கிப்சன் நிறுவனம் 1961-இல் மாற்றியது. 1966-இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயலின் குழுவோடு வெளியிட்ட இசைத்தட்டில் பழைய லெஸ் பாலின் ஒலியைக் கேட்டவர்கள் அக்கித்தாரைத் தேடி அலைந்தனர். 1968-இல் உற்பத்தி மீண்டும் தொடங்கிற்று. ஆயினும், பழைய கித்தாருக்கு ஈடில்லை என்றே பலர் கருதினர். மறுபுறம், ராக் இசைக்கு ஒலிபெருக்கியைத் திணறச் செய்யும் வலிமை தேவைப்பட்டது.

நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்சியோ 1972-இல் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்னும் பிக்கப்பை உருவாக்கினார். வலிமைமிக்க பீங்கான் காந்தம், மிகுதியான சுற்றுகள், மின்தடை 13 கிலோ ஓமுக்கும் மேல். கித்தாரோடு வராமல், தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் மாற்றுப் பிக்கப் வணிகம் இதிலிருந்தே வளர்ந்தது. தொழிற்சாலை தீர்மானித்த ஒலியை வாசிப்பவரே தீர்மானிக்கும் காலம் பிறந்தது.

சீமோர் டங்கன் என்பவரோ பழையதைப் பழுதுபார்க்கும் வழியில் வந்தவர். சிறுவயதில் இசைத்தட்டுச் சுழலியையே இயந்திரமாகக் கொண்டு, பழுதான பிக்கப்பைச் சுற்றிப் பழகியவர். இலண்டனில் பணியாற்றிய காலத்தில், பழுதடைந்த கிப்சன் பிக்கப்புகளைப் புதிதாகச் சுற்றி டெலிகாஸ்டர் ஒன்றில் பொருத்தி ஜெஃப் பெக்குக்கு அளித்தார். பெக்கின் 1975-ஆம் ஆண்டு இசைத்தட்டில் அது ஒலித்தது. 1976-இல் டங்கன் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். சேத் லவரின் 17 ஆண்டுக் காப்புரிமை முடிவுற்றதும் அவ்வாண்டில்தான். பின்னாளில் அந்தச் சேத் லவரே டங்கனோடு இணைந்து தம் பழைய பிக்கப்பை மறுபடியும் உருவாக்க உதவினார்.

எண் சொல்வதும் சொல்லாததும்

'பெரிய எண் சிறந்தது' என்னும் நம்பிக்கைக்கு வலுவூட்டியது 1970-களின் இந்த வலிமைப் போட்டியே. கிலோ ஓம் என்பது கம்பியின் மின்தடை மட்டுமே. கம்பி மெலிந்தாலே அவ்வெண் உயரும். ஒலி வலிமை பெற வேண்டும் என்பதில்லை. சுற்றுகள் கூடினால் ஓசை வலுக்கும். ஆயினும் மேல்சுரங்களின் துலக்கம் குறையும். ஒரே வகைக் கம்பியும் ஒரே வகைக் காந்தமும் கொண்ட இரு பிக்கப்புகளை ஒப்பிடவே அவ்வெண் உதவும். உலகம் போற்றும் பி.ஏ.எஃப். வெறும் 7 முதல் 9 கிலோ ஓம் என்பதை நினைவிற் கொள்க.

எனவே, வாங்குவதற்குமுன் இவற்றைக் கவனித்தல் நலம்:

1. முதலில் திருப்புளியை எடுங்கள். கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள தொலைவை அளவிடுங்கள். ஒற்றைச் சுருளுக்குத் தடித்த கம்பியின் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியின் பக்கம் 2 மில்லிமீட்டர் என்பது நல்ல தொடக்கம். மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்து, சுருதி தள்ளாடும். பல நேரங்களில் குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

2. கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். பழைய கிப்சன் அளவு ஏறத்தாழ 50 மில்லிமீட்டர். ஃபெண்டர் வகைக் கித்தாரின் பாலத்தருகே ஏறத்தாழ 53. ஹம்பக்கர் இரு அளவுகளிலும் கிடைக்கிறது.

3. வால்யூம் குமிழையும் பாருங்கள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 இருந்தால் ஒலி மங்கும், குறை பிக்கப்பினுடையதன்று.

4. ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றினால், இரண்டையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஒலி மெலிந்து உள்ளீடற்றதாகக் கேட்டால் அவை எதிரெதிராக இயங்குகின்றன எனப் பொருள். நான்கு இணைப்புக் கம்பிகள் கொண்ட ஹம்பக்கர் என்றால் இணைப்பை மாற்றிப் பற்றவைத்து எளிதில் சரிசெய்யலாம்.

இறுதியாக ஒன்று. 1970-களில் வலிமையை நாடிய பலர் தம் பழைய கித்தாரிலிருந்து பி.ஏ.எஃப். பிக்கப்புகளைக் கழற்றி எறிந்தனர். இன்று அவற்றுள் ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான அமெரிக்க வெள்ளி. கழற்றிய பிக்கப்பை ஓர் உறையிலிட்டு, கித்தாரின் பெயரும் நாளும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அது விலைமதிப்புப் பெறாமலும் போகலாம். ஆனால் ஒலியின் அருமை உடனே விளங்குவதில்லை என்பதை இவ்வரலாறு ஒருமுறை உணர்த்திவிட்டது. மறுமுறையும் உணர்த்த வேண்டியதில்லை.