குக்ரி: உழவன் கத்தியே போர்வீரன் கத்தி

போர்க்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் பல பக்கங்களை ஒதுக்குவர். கத்திக்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது. ஆயினும் மலையிலும் காட்டிலும் பாசறை அமைக்கும் வீரனுக்கு நாள்தோறும் கைகொடுப்பது கத்தியே. அது உறுதியானதாகவும், எளிதில் தீட்டத்தக்கதாகவும், விலை குறைந்ததாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமைக்குக் கூர்க்கா வீரரின் குக்ரியை நாம் சான்றாகக் கொள்ளலாம்.

நேபாள மலைநாட்டு உழவன் விறகு பிளக்கவும், புதர் வெட்டவும், காய்கறி நறுக்கவும் கையாண்ட கருவி அது. 1814-இல் தேராதூனுக்கு அருகே நாளாபாணிக் கோட்டையைப் பலபத்திர குன்வர் தலைமையில் காத்து நின்றோர் கையிலும் அதுவே இருந்தது. எதிரியாய் நின்றோரின் வீரத்தைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனி, 1815-இல் கூர்க்காப் பட்டாளங்களைத் திரட்டியது. வீரரோடு அவர்தம் கத்தியும் பட்டாளத்தில் இடம்பெற்றது. சிறுவயது முதல் பிடித்துப் பழகிய கருவிக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை.

அதன் அமைப்பை நோக்குவோம். அலகு உட்புறமாக வளைந்து, நுனிப்பக்கம் அகன்று கனத்திருக்கும். ஆகவே, ஓங்கும்போது கையின் வலிமையோடு அலகின் பாரமும் சேர்ந்து வெட்டுகிறது. உறையில் இரு சிறு கருவிகள் உடனிருக்கும். ஒன்று, ‘கர்தா’ என்னும் சிறு கத்தி. மற்றொன்று, தீப்பொறி எழுப்பவும் அலகைச் சீர்செய்யவும் உதவும் மழுங்கிய ‘சக்மக்’. கோடரி, அரிவாள், சமையற்கத்தி ஆகிய மூன்றின் வேலையையும் ஒன்றே செய்வதால் வீரனின் சுமை குறைந்தது. உறையினின்று எடுத்தால் குருதி காணாமல் திரும்பாது என்பது வெறுங்கதை. நாள்தோறும் வெங்காயம் நறுக்கும் கத்திக்கு அவ்விரதம் எவ்வாறு பொருந்தும்?

இனி, விலை குறைந்ததன் காரணத்தைக் காண்போம். இருபதாம் நூற்றாண்டில் பழைய லாரிகளின் வில்பட்டைகளே இதற்கு நல்ல எஃகாயின. கொல்லர் அப்பட்டையைக் காய்ச்சி அடித்து உருவாக்குவார். பின்பு கெண்டியால் விளிம்பில் மட்டும் நீர் வார்ப்பார். விளிம்பு கடினமாகிக் கூர்மையைத் தாங்கும்; முதுகுப்பகுதி சற்று மென்மையாய் நின்று, முறியாமல் அதிர்ச்சியைப் பொறுக்கும்.

அத்தகைய நுட்பம் அறிந்த கொல்லர், ‘காமி’ என்னும் வகுப்பினர். அவர்களைத் தீண்டத்தகாதார் என்று 1854-ஆம் ஆண்டின் நேபாளச் சட்டம் வரையறுத்தது. 1963-ஆம் ஆண்டின் புதிய சட்டமே அப்பாகுபாட்டை ஏட்டளவில் நீக்கியது. வழக்கத்தில் அது எளிதில் மறையவில்லை. கத்தியை இடையில் அணிவது பெருமையாயிற்று; அதனை வடித்த கை தொட்ட நீர் தீட்டாயிற்று!

1947-இல் பத்துக் கூர்க்கா ரெஜிமெண்டுகளுள் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் என்று பிரிந்தன. குக்ரி இரு படைகளிலும் நிலைத்தது. அதன் புகழைப் பேசும்போது, உலைக்களத்தில் நின்ற அந்தக் கொல்லரையும் நாம் நினைவுகூர்தல் கடமையாகும்.