கைவிசேஷம்

சீனர் புத்தாண்டில் ‘கோங் சி ஃபா சாய்’ என்று செல்வம் பெருக வாழ்த்திச் சிவப்பு உறையில் காசு கொடுப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சித்திரைப் புத்தாண்டில் அதற்கு நிகரானது கைவிசேஷம். கைவிசேடம் என்றும் எழுதுவர். வீட்டுப் பெரியவர் வெற்றிலையில் பாக்கு, நெல், பூவோடு காசும் வைத்து நீட்ட, இளையவர் கும்பிட்டு வாங்குவார். விசேஷம் என்ற வடசொல்லுக்குச் சிறப்பு என்பது பொருள். கையால் வரும் சிறப்பு என்று விரிக்கலாம். பிள்ளைகளுக்குக் கைச்செலவுக் காசு, வேறென்ன என்பாரும் உண்டு. அப்படியானால் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இதற்கெனத் தனியே சுபநேரம் குறிப்பது ஏன்? (இரண்டும் ஒத்துப்போகாதது வேறு கதை.) கைச்செலவுக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை, ஆண்டின் முதற் கொடுக்கல் வாங்கல் என்பதால்தான் பார்க்கிறார்கள். சிங்களவர் தங்கள் புத்தாண்டுக் கைமாற்றத்தை ‘கனுதெனு’ என்பதும் அதே பொருளில்தான். கைவிசேஷம் என்ற சொல்லில் பாதி வடமொழியென்பதால் வழக்கமும் வடக்கிலிருந்து வந்தது என்று முடிவுகட்டவும் இயலாது. கேரளத்து விஷு நாளில் மூத்தவர் இளையவருக்குத் தரும் காசுக்குப் பெயர் ‘கைநீட்டம்’. அதில் வடசொல்லே இல்லை.