பிளவுபடும் பருவம்: இலங்கையின் வட, கிழக்கு மாவட்டங்களில் டெங்குப் போக்கை அளத்தல்

மேல் மாகாணத்தில் எழும் டெங்கு அலையே பிந்தி வடக்கையும் கிழக்கையும் அடைகிறது. அங்கு ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கமும் குறைவு. இலங்கை பற்றிய ஆய்வுகளில் இது ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. இதன் இரு பகுதிகளும் நோயின் இயல்பிலிருந்து அன்றி, எண்களைக் கூட்டும் முறையிலிருந்தே பிறந்தவை என்று கருத இடமுண்டு.

ஆதாரம் எல்லாருக்கும் பொதுவானது: தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை. அதன் அட்டவணையில் ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு நிரல்கள். முதலாவது, அவ்வார எண்ணிக்கை. இரண்டாவது, ஜனவரி முதல் திரண்ட தொகை. மாவட்ட ஒப்பீடுகள் பெரும்பாலும் இரண்டாம் நிரலின் ஆண்டிறுதி எண்ணையே நம்புகின்றன. கொழும்புக்கு இதனால் பெரிய பாதகமில்லை. தென்மேல் பருவமழையை ஒட்டி ஜூன், ஜூலையில் எழும் உச்சம் ஆண்டின் நடுவே முழுமையாக அடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவமழையை ஒட்டி டிசம்பரிலும் ஜனவரியிலும் நோய் உச்சமடைகிறது. அந்த உச்சத்தின் நடுவிலேயே நிரல் பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது.

ஒரு பருவத்தில் 2,000 நோயாளர், அடுத்ததில் 400 என்றும், இரண்டும் புத்தாண்டில் சரிபாதியாகப் பிரிகின்றன என்றும் கொள்வோம். இடைப்பட்ட ஆண்டின் கணக்கு 1,200. அப்படியொரு பருவம் நிகழவே இல்லை. கடும் பருவத்தின் வாலும் மென்பருவத்தின் தலையும் ஒட்டப்படுவதால்தான் வடக்கு சீராகத் தோன்றுகிறது.

2017ஆம் ஆண்டைக் கொழும்பின் ஆண்டாகப் படிப்பதும் இவ்வகையே. பதிவான 186,101 சந்தேக நோயாளரில் நாற்பது வீதத்துக்கும் மேற்பட்டோர் மேல் மாகாணத்தவர் என்பது உண்மை. ஆனால் திருகோணமலையின் கிண்ணியாவில் நோய் மார்ச்சிலேயே உக்கிரமடைந்தது. கொழும்பின் உச்சம் ஜூலையில். கிண்ணியா 2016இன் கொழும்பு அலையின் எச்சம் என்று சிலர் வாதிடலாம். ஆனால் எட்டு மாதத் தாமதத்தையும் ஏற்கும் கோட்பாட்டை எந்தத் தரவும் மறுக்க முடியாது. கிழக்கிலிருந்து மேற்கே நோய் சென்றது என்று இதைக்கொண்டு நான் வாதிடவில்லை; அலையின் திசை இன்னும் நிறுவப்படவில்லை என்பதே என் நிலைப்பாடு.

விடுமுறைப் பயணிகளே யாழ்ப்பாணத்தின் டிசம்பர் உச்சத்துக்குக் காரணம் என்பர். அப்படியானால் கொழும்பின் உச்சத்தை அடுத்து, ஓகஸ்டில் அங்குள்ள நல்லூர்த் திருவிழாவுக்குத் திரளும் கூட்டமும் ஆண்டுதோறும் அதே விளைவைத் தர வேண்டும், தருவதில்லை. பயணிகள் வைரசைக் கொண்டுவரலாம். நுளம்பு பெருக மழைநீர் தேங்க வேண்டும். 2017இல் மேலோங்கிய இரண்டாம் வகை டெங்கு வைரசு பரவலின் பருமனை விளக்கும், மாதத்தை விளக்காது. அறிவித்தலில் உள்ள குறைகளைப் பொறுத்தவரை, அவை ஆண்டுவாரிக் கணக்கு, பருவவாரிக் கணக்கு இரண்டுக்கும் பொதுவானவை.

தீர்வுக்குப் புதிய தரவு வேண்டியதில்லை. வட, கிழக்கு மாவட்டங்களுக்கு முதல் நிரலின் வார எண்களை ஜூலை முதல் ஜூன் வரை கூட்டினால் போதும். ஒக்டோபருக்கு முன் நடந்த நுளம்பு ஒழிப்புப் பணி பயன் தந்ததா என்ற கேள்விக்கு, பருவத்தை முழுதாகக் காட்டும் அந்தக் கணக்கே விடை தர முடியும்.