முகம் பதிக்காத முத்திரை

1907ஆம் ஆண்டின் இருபது டாலர் பொற்காசை விளக்கொளியில் சற்றே சாய்த்துப் பிடிக்க வேண்டும். 34 மில்லிமீட்டர் அகலம். 33 கிராமுக்குச் சற்று மேல் எடை. கதிர்கள் விரியும் வெளியிலிருந்து சுதந்திர தேவி நம்மை நோக்கி நடந்து வருகிறாள். வலக்கையில் தீப்பந்தம், இடக்கையில் ஒலிவக் கிளை. காற்றில் ஆடை மடிந்து கால்களோடு ஒட்டுகிறது; ஒரு பாதம் பாறைமேல் ஏறி நிற்கிறது. கீழே ஓரமாக, நகத்தளவுகூட இல்லாத வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம். ஆண்டு ரோமானிய எண்களில் இருக்கிறது. உருவம் தளத்தைவிட்டு அவ்வளவு எழும்பி நிற்பதால், காசு என்பதைவிடக் குட்டிச் சிற்பம் என்றே சொல்லத் தோன்றும்.

இந்தக் காசு பிறக்கக் காரணமானவர் அமெரிக்காவின் 26ஆவது அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட். அவருடைய முகம் இதில் எங்கும் இல்லை.

1858 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமா அவரை வாட்டியது. விடாத உடற்பயிற்சியால் உடலைத் தேற்றிக்கொண்டார். 1884 பிப்ரவரி 14 அன்று ஒரே வீட்டில், ஒரே நாளில், தாயும் இளம் மனைவியும் இறந்தார்கள். அந்தத் துயரோடு டகோட்டாவின் வெட்டவெளிக்குப் போய் மாட்டுப் பண்ணை நடத்தினார். பிறகு நியூயார்க் காவல்துறை நிர்வாகம், கடற்படைத் துணைச் செயலர் பதவி, 1898இல் கியூபா போர்க்களம், நியூயார்க் ஆளுநர் பதவி என்று வாழ்க்கை வேகமெடுத்தது. 1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்ததும், துணை அதிபராக இருந்த ரூஸ்வெல்ட் 42 வயதில் அதிபரானார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பதவிக்கு வந்தவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

நாணயவியலாளர்களுக்கு அவர் முக்கியமாவது 1904 டிசம்பர் 27 முதல். நாட்டின் காசுகள் கலை நோக்கில் சகிக்க முடியாத அளவுக்கு அவலட்சணமாக இருக்கின்றன என்று அன்று கருவூலச் செயலர் லெஸ்லி ஷாவுக்கு எழுதினார். நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் என்ற சிற்பியைக் கொண்டு காசுகளை மாற்ற முடியுமா என்றும் கேட்டார். முடியும் என்பதற்கு 1890ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. ஒரு வடிவம் 25 ஆண்டுகள் புழங்கிவிட்டால் நாடாளுமன்ற அனுமதி இல்லாமலே மாற்றலாம். பொற்காசுகளும் ஒரு சென்ட் காசும் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தன. 1892இல் புதுப்பிக்கப்பட்ட வெள்ளிக் காசுகள் தாண்டவில்லை.

1905 நவம்பரில் மகா அலெக்சாண்டரின் பொற்காசுகளைப் பார்த்துவிட்டு, அவற்றின் உயர்ந்த புடைப்பைப் பற்றிச் சிற்பிக்கு ஆர்வத்தோடு எழுதினார். அரசியல் நெருக்கடிகளுக்கு நடுவே ஒரு நாட்டுத் தலைவர் காசின் புடைப்பு உயரத்தைப் பற்றி யோசித்தார் என்பதே சேகரிப்பாளர் மனத்தை நெகிழவைக்கும் செய்தி.

தொல்லை அக்கசாலையில் தொடங்கியது. தலைமைப் பொறிப்பாளர் சார்லஸ் பார்பர் இந்தத் திட்டத்தை விரும்பவில்லை. அவரை வெறும் பொறாமைக்காரராகச் சித்திரிப்பது வழக்கம்; அது நியாயமல்ல. புழக்கக் காசு ஒரே அடியில் உருவாக வேண்டும், வங்கி மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆடாமல் அடுக்க வர வேண்டும். புதிய காசு இரண்டுக்குமே இணங்கவில்லை. முதலில் அடித்த சுமார் இருபது அதியுயர் புடைப்புக் காசுகளுக்கு ஒன்பது அடிகள் வரை தேவைப்பட்டன. அடிகளுக்கு நடுவே காசைச் சூடேற்றி இளக்க வேண்டியிருந்தது. புற்றுநோயால் நலிந்திருந்த செயின்ட்-காடன்ஸ் 1907 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். உதவியாளர் ஹென்றி ஹெரிங் வேலையைத் தொடர, அதிபர் விடாப்பிடியாக நிற்க, புடைப்பைச் சற்றுக் குறைத்து ஏறத்தாழ 12,000 காசுகள் அடிக்கப்பட்டன. அவற்றுக்கும் மூன்று அடிகள் வேண்டியிருந்தன. பல காசுகளில் அச்சுக்கும் வளையத்துக்கும் இடையே பிதுங்கிய பொன், மெல்லிய கம்பிபோல் விளிம்பைச் சுற்றி நிற்கிறது. அக்கசாலை குறையென்று களைய முயன்ற அந்தக் கம்பி விளிம்பைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். பிறகு பார்பர் புடைப்பை வெகுவாகத் தாழ்த்தி, ஆண்டை வழக்கமான எண்களில் போட்டுப் பெருமளவில் அடித்தார்.

‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் புதிய பொற்காசுகளில் விடுபட்டதும் ரூஸ்வெல்ட்டின் விருப்பப்படிதான். சூதாட்ட மேசையில் உருளும் பணத்தில் இறைவன் பெயர் இருப்பது அவமதிப்பு என்பது அவர் நம்பிக்கை. மக்கள் கொதித்தார்கள். 1908 மே மாதச் சட்டம் வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் 1908ஆம் ஆண்டின் பத்து, இருபது டாலர் காசுகளில் வாசகம் உள்ளது, இல்லாதது என இரு வகைகள் கிடைக்கின்றன.

அதே ஆண்டு பீலா லயன் பிராட் வடித்த இரண்டரை, ஐந்து டாலர் பொற்காசுகளில் உருவம் தளத்துக்குக் கீழே அமிழ்ந்திருந்தது. அந்தப் பள்ளங்களில் அழுக்குச் சேர்ந்து நோய் பரவும் என்று பிலடெல்பியா நாணய வணிகர் சாமுவேல் சாப்மன் அதிபருக்கே கடிதம் எழுதினார்! காசு மாறவில்லை.

பனாமா கால்வாய்ப் பதக்கத்துக்காக ரூஸ்வெல்ட் சிற்பி விக்டர் டேவிட் பிரென்னரின் முன் அமர்ந்தபோது லிங்கன் காசுக்கு வழி பிறந்தது. 1909 ஆகஸ்டில், அவர் பதவியைவிட்டு இறங்கிய பிறகு, பிரென்னர் வடித்த லிங்கன் சென்ட் வெளியானது. அமெரிக்கப் புழக்கக் காசு ஒன்றில் அதிபர் ஒருவரின் முகம் வந்தது அதுவே முதல்முறை. சிற்பியின் பெயரெழுத்துகள் பெரிதாகத் தெரிகின்றன என்ற கண்டனத்தால் சில நாட்களிலேயே நீக்கப்பட்டன. அதற்குள் சான் பிரான்சிஸ்கோவில் அந்த எழுத்துகளோடு அடிக்கப்பட்ட 4,84,000 சென்ட் காசுகள், சேகரிக்கத் தொடங்கும் எந்த அமெரிக்கச் சிறுவனுக்கும் தீராத கனவு.

செயின்ட்-காடன்ஸின் இருபது டாலர் வடிவம் 1933 வரை நீடித்தது. அந்த ஆண்டுக் காசுகள் 4,45,500 அடிக்கப்பட்டும் வெளியிடப்படாமல் உருக்கப்பட்டன. தப்பியவற்றுள் ஒன்று 2021இல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1986 முதல் வரும் ‘அமெரிக்கக் கழுகு’ பொற்காசிலும் அதே தேவிதான் நடந்து வருகிறாள்.

ரூஸ்வெல்ட் 1919 ஜனவரி 6 அன்று மறைந்தார். அதிபர்கள் வரிசை டாலர் காசில் அவருடைய முகம் வந்தது 2013இல். புழக்கத்துக்காக அந்த வரிசையை அடிப்பது அதற்கு முன்பே நின்றுவிட்டது. அவருடைய டாலர் கடைத்தெருவுக்குப் போகாமல் நேரே சேகரிப்பாளர்களின் பெட்டிக்கே வந்து சேர்ந்தது.