காகிதக் குடும்பங்கள்

1908ஆம் ஆண்டு ஜூன் 18ஆந் திகதி, 781 ஜப்பானியரை ஏற்றிவந்த ‘கசாத்தோ மாரு’ என்னும் கப்பல் பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தை அடைந்தது. 1888இல் அடிமை முறை ஒழிந்தபின் சாவோ பாவுலோவின் கோப்பித் தோட்டங்களில் இத்தாலியரே பெருமளவில் உழைத்தனர். அவர்கள் பட்ட துன்பங்கண்டு, இலவசப் பயணத்தில் ஆளனுப்புவதை இத்தாலி 1902இல் தடைசெய்தது. தோட்டத்துரைமாரின் பார்வை கிழக்கே திரும்பியது.

தனியாள் ஓடிவிடுவான், குடும்பஸ்தன் நிலைப்பான் என்பது அவர்கள் கணக்கு. உழைக்கத்தக்க மூவரேனும் இருந்தாலே அது குடும்பம்! ஆகவே உறவினரும் அயலாரும் காகிதத்திலே கணவனும் மனைவியும் பிள்ளையுமாயினர். கங்காணியின் பேரேட்டை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

ஆயினும் முதற்கப்பலில் வந்தோரிற் பெரும்பாலோர் விரைவிலேயே தோட்டங்களை விட்டகன்றனர். பின்வந்தோர் பலர் காணி வாங்கினர், பள்ளிகள் அமைத்தனர். அப்பள்ளிகளை 1938இல் வர்காஸ் அரசு மூடத் தொடங்கியது. ஜப்பான் திருத்திய குடிவரவுச் சட்டம் 1990இல் நடைமுறைக்கு வரவே, பேரப்பிள்ளைகள் தொழிற்சாலைக் கூலிகளாய் அங்கேயே திரும்பிச் சென்றனர்.