தவளை, எலி, மனிதன்: சர்க்கரைப் புரையின் கதை

அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் 1860-இல் வெளியிட்ட ஆய்வு, தவளைகளைப் பற்றியது. சர்க்கரைக் கரைசலை உடலில் செலுத்தியதும் அவற்றின் கண்ணில் புரை படர்ந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குப் புரை வருவதை மருத்துவர்கள் முன்பே கவனித்திருந்தாலும், சர்க்கரையைக் கொடுத்துப் புரையை வரவழைத்துக் காட்டியது பெரிய அடி.

ஆனால் தவளையின் லென்ஸ் மங்கியது நீரை இழந்ததால். நோயாளியின் கண்ணில் மெல்லத் திரளும் புரைக்கு அது முழு விடை ஆகவில்லை.

விடையின் முக்கியமான துண்டு கிடைக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. 1959-இல் ஆக்ஸ்போர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் லென்ஸில் சார்பிட்டால் சேர்ந்திருப்பதைக் கண்டார். லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. கண்ணுக்குள் அதைச் சுற்றியுள்ள நீர்தான் அதற்கு உணவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும். இன்சுலின் உதவி இல்லாமலே லென்ஸுக்குள் புகும் அந்தச் சர்க்கரையை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. சார்பிட்டால் எளிதில் வெளியேறாது. தங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும். லென்ஸின் இழைகள் உப்பிச் சிதைய, ஒளி சிதறுகிறது. தவளையின் லென்ஸ் நீரை இழந்து மங்கியது என்றால், எலியின் லென்ஸ் நீர் கோத்து மங்கியது. இந்த விளக்கத்தை 1960-களில் விரிவாக நிறுவியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜின் கினோஷிடா.

சர்க்கரை நோய் வந்த நாய்களுக்குப் புரை விரைவில் வந்துவிடுகிறது, பூனைகளுக்கு அரிது. பூனையின் லென்ஸில் இந்த நொதி குறைவாக வேலை செய்வதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. மனிதருக்கும் எலியைவிடக் குறைவுதான். அதனால் பெரியவர்களிடம் சார்பிட்டாலோடு வேறு சேதங்களும் கைகோக்கின்றன: சர்க்கரை லென்ஸின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனேற்றமும் அவற்றைக் கெடுக்கிறது. முதுமையில் வரவேண்டிய புரை சில ஆண்டுகள் முந்திக்கொள்கிறது.

நொதியைத் தடுக்கும் மருந்துகள் எலிகளின் கண்களைக் காத்தன. அவற்றுள் ஒன்றான சார்பினில், மனிதர்களில் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்தது. புரையைக் கரைக்கும் மருந்து இன்றும் இல்லை. அறுவை சிகிச்சைதான் வழி. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு அங்கே வைக்கும் செயற்கை லென்ஸை, 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் குறைந்த விலையில் தயாரித்தது. ஏழை நோயாளிகளுக்கும் அது எட்டியது.

சர்க்கரை நோயாளிக்குப் புதிய லென்ஸ் மட்டும் போதாது. விழித்திரையும் பழுதாகியிருந்தால் பார்வை முழுதாகத் திரும்பாது. அடர்ந்த புரை அந்தப் பழுதை மறைத்துவிடும் என்பதால், புரை முற்றும்வரை காத்திராமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.